லைக்கை எதனால் வகுப்பது? வாசகர் கேள்வி பதில்

சிறு வணிகர்கள் தங்கள் சமூக ஊடகப் பதிவுகளுக்குக் கிடைக்கும் வரவேற்பை அளந்து பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதை எப்படி அளப்பது என்று கேட்டுக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் நிறைய வந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சுடுமண் பொம்மை செய்கிறோம். மகள் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறாள்; 1,250 பேர் பின்தொடர்கிறார்கள். என் மாமனார் சக்கரத்தில் பானை வனைவதைக் காட்டும் ரீல் 40,000 பேரை எட்டியது. 1,800 லைக், 60 கமெண்ட், 100 ஷேர், 40 சேவ் வந்தன. கார்த்திகை விளக்குகளை விலையோடு காட்டிய படம் 800 பேரைத்தான் எட்டியது. 30 லைக், 8 கமெண்ட், 12 ஷேர், 14 சேவ். இனிமேல் ரீல் மட்டும் போடுவோம் என்கிறாள் மகள். ஆனால் விலை விசாரித்தவர்களில் 11 பேர் படத்தைப் பார்த்து வந்தவர்கள். ரீலைப் பார்த்துக் கேட்டவர்கள் நான்கே பேர். எதை நம்புவது?
— வாசகி, வில்லியனூர்

கடிதத்தில் எண்களை இவ்வளவு ஒழுங்காகக் குறித்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. பலர் ‘எங்கள் பதிவுக்கு நல்ல வரவேற்பு’ என்று மட்டும் எழுதி, அது எவ்வளவு என்று நம்மையே ஊகிக்க விட்டுவிடுகிறார்கள்.

பதிவைப் பார்த்தவர் அதன்மீது ஏதாவது செய்தால் (லைக் போடுவது, கருத்து எழுதுவது, பிறருக்கு அனுப்புவது, பிறகு பார்க்கலாம் என்று சேமித்து வைப்பது) அவற்றையெல்லாம் கூட்டி, ஓர் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைப்பதுதான் எங்கேஜ்மெண்ட் விகிதம். கூட்டுவதில் யாரும் தவறுவதில்லை. எதனால் வகுப்பது என்பதில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. உங்கள் ரீலுக்கு மொத்தம் 2,000 செயல்கள் வந்துள்ளன. அதைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையான 1,250 ஆல் வகுத்தால் 160 சதவீதம் என்று வரும். நூறு பேரில் 160 பேர் ஈடுபட்டார்கள் என்பதற்குப் பொருளே இல்லை. ரீலைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் பின்தொடராதவர்கள் என்பதைத்தான் அந்த விபரீத விடை நமக்குச் சொல்கிறது. அதே 2,000 ஐ எட்டிய 40,000 பேரால் வகுத்தால் 5 சதவீதம். விளக்குப் படத்துக்கு வந்தவை மொத்தம் 64 செயல்கள்; 800 ஆல் வகுத்தால் 8 சதவீதம். எனவே, பதிவு யார் கண்ணில் பட்டதோ அவர்களை அடிப்படையாகக் கொண்டால், 30 லைக் வாங்கிய படமே 1,800 லைக் வாங்கிய ரீலை முந்துகிறது.

ஒரு பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பதை இன்ஸ்டாகிராம் ‘இன்சைட்ஸ்’ பகுதியில் ரீச் என்று காட்டும். சாதாரணக் கணக்கை வணிகக் கணக்காகவோ படைப்பாளர் கணக்காகவோ மாற்றிக்கொண்டால்தான் இது தெரியும். மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. ரீச்சால் வகுப்பதே உங்களைப் போன்ற சிறிய பக்கங்களுக்குப் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. அந்த நிறுவனமே ஏறத்தாழ அப்படித்தான் பார்க்கிறது. பதிவுகளைப் பரப்புவதில் அதிகம் கவனிக்கப்படுபவை, பார்த்த நேரம், எட்டியவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்ற மூன்றும்தான் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் விளக்கியிருந்தார். தெரியாதவர்களிடம் ஒரு பதிவு போய்ச் சேருவதற்கு, லைக்கைவிட அனுப்புதலே சற்றுக் கூடுதலாக உதவும் என்றும் அவர் சொன்னார்.

அடுத்ததாக, எல்லாச் செயல்களையும் ஒரே எடையில் வைத்துக் கூட்டுவது சரியா என்று பார்க்க வேண்டும். லைக் போடுவதற்குக் கட்டைவிரல் இரண்டு முறை பட்டால் போதும். பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒருவர் முப்பது லைக் போட்டுவிட்டு ஒன்றுகூட நினைவில்லாமல் ஏறிப் போய்விடலாம். ஒரு படத்தைத் தன் அக்காவுக்கோ நாத்தனாருக்கோ அனுப்புபவர், அந்தப் பொருளையும் அந்த ஆளையும் சேர்த்து ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கிறார். சேமித்து வைப்பவர் திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறார். ஆகவே ஷேர், சேவ் இரண்டையும் மட்டும் தனியே எடுத்து வகுத்துப் பாருங்கள். ரீலுக்கு 140 ஐ 40,000 ஆல் வகுத்தால் 0.35 சதவீதம், படத்துக்கு 26 ஐ 800 ஆல் வகுத்தால் 3.25 சதவீதம், அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். விசாரணையையும் இதே முறையில் கணக்கிட்டால், ரீலைப் பார்த்தவர்களில் பத்தாயிரத்துக்கு ஒருவரும், படத்தைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய எழுபத்து மூன்று பேருக்கு ஒருவரும் விலை கேட்டிருக்கிறார்கள்.

இதைக் காட்டி உங்கள் மகளிடம் வழக்காட வேண்டாம். மண் உருண்டை கைக்குள் பானையாக எழும்புவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? அந்த ரீல் பார்த்த நாற்பதாயிரம் பேரில் பலர் வில்லியனூர் எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களாகவே இருப்பார்கள். ‘இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது’ என்று அறிமுகப்படுத்துவது அந்த ரீலின் வேலை. ‘இந்த விளக்கு இந்த விலை’ என்று சொல்லிக் கேட்பவரை வரவழைப்பது படத்தின் வேலை. ரீலை அளக்க ரீச், பார்த்த நேரம், அதனால் புதிதாகப் பின்தொடர வந்தவர்கள் ஆகியவற்றையும், படத்தை அளக்க சேவ், ஷேர், விசாரணை ஆகியவற்றையும் பயன்படுத்துங்கள். ஐப்பசி பிறந்ததும் விலையோடு கூடிய படங்களை அதிகமாகவும், மற்ற மாதங்களில் வனையும் காட்சிகளை அதிகமாகவும் போடலாம். விசாரிக்க வருபவரிடம் ‘எதைப் பார்த்து வந்தீர்கள்?’ என்று நீங்கள் கேட்டுவைத்தது இருக்கிறதே, அதற்கு ஈடான கருவியை எந்த நிறுவனமும் இன்னும் விற்கவில்லை.

எங்கேஜ்மெண்ட் விகிதம் எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது?
— வாசகர், நெய்வேலி

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அவர்களில் சிலர் பின்தொடர்வோரால் வகுத்திருப்பார்கள், சிலர் ரீச்சால் வகுத்திருப்பார்கள், எதனால் வகுத்தோம் என்று சொல்லாதவர்களும் உண்டு. இவற்றோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மகிழ்வதும் வருந்துவதும் வீண். உங்களுடைய கடைசி இருபது பதிவுகளின் விகிதங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, பள்ளிக்கூடத்தில் படித்த இடைநிலை அளவை (வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை) கண்டுபிடியுங்கள். சராசரி வேண்டாம், எதிர்பாராமல் ஓடிய ஒரே ஒரு ரீல் சராசரியைத் தூக்கிவிட்டுவிடும். புதிய பதிவு அந்த இடைநிலையைத் தாண்டினால் உங்களுக்கு நல்லது.

யூடியூபில் ஷார்ட்ஸ் போடுகிறேன். 2025 ஏப்ரல் முதல் என் வியூஸ் திடீரென்று கூடிவிட்டது. ஆனால் சப்ஸ்கிரைபர்களோ கருத்துகளோ கூடவில்லை. என் வீடியோக்கள் முன்னேறிவிட்டனவா?
— கல்லூரி மாணவர், காலாப்பட்டு

உங்கள் வீடியோ அப்படியேதான் இருக்கிறது. அதை எண்ணும் முறைதான் மாறியது. 2025 மார்ச் 31 முதல், ஒரு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ அதை ஒரு வியூ என்று யூடியூப் கணக்கிடுகிறது. குறைந்தபட்சம் இத்தனை வினாடி பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போது இல்லை. பழைய முறையிலான எண்ணிக்கை ‘எங்கேஜ்டு வியூஸ்’ என்ற பெயரில் அனலிட்டிக்ஸ் பகுதிக்குள் இருக்கிறது. வருமானப் பங்கு கணக்கிடுவதற்கு அந்த நிறுவனம் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறது என்பதிலிருந்தே எது கனமான எண் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். மார்ச்சுக்கு முந்தைய வியூஸை இன்றைய வியூஸோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு காலத்துக்கும் எங்கேஜ்டு வியூஸை எடுத்து ஒப்பிடுங்கள்.

இன்ஸ்டாகிராமும் 2024 ஆகஸ்டில் ரீல், படம், ஸ்டோரி எல்லாவற்றுக்கும் வியூஸையே முதன்மை அளவாக முன்னிறுத்துவதாக அறிவித்தது. ஒரே ஆள் நான்கு முறை பார்த்தால் வியூஸ் நான்கு, ரீச் ஒன்று. ஆகவே வியூஸால் வகுத்தால் விகிதம் சிறுக்கும், ரீச்சால் வகுத்தால் பெருக்கும். இரண்டில் எதை வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை; ஒரு மாதம் இதையும் மறு மாதம் அதையும் வைத்துக்கொள்ளக்கூடாது.

வகுக்கும் எண்ணில் கோட்டை விடுவது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டி வந்த ஃபேஸ்புக், பார்த்த மொத்த நேரத்தை எல்லாப் பார்வையாளர்களாலும் வகுக்காமல், மூன்று வினாடிக்கு மேல் பார்த்தவர்களால் மட்டும் வகுத்து வந்திருக்கிறது. ஓரிரு வினாடியில் தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே வராததால் சராசரி ஊதிப் பெருத்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்த இந்தப் பிழையை 2016 செப்டம்பரில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கு 2019 இல் 4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. எனவே உங்கள் கருவி காட்டும் எந்தச் சராசரியையும் பார்க்கும்போது, ‘யார் யாரைச் சேர்த்து இந்தச் சராசரி?’ என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

எதிர்க்கடைக்காரருக்கு என்னைவிட மூன்று மடங்கு ஃபாலோவர்ஸ். சில ஆயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் ஃபாலோவர்ஸ் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
— துணிக்கடை உரிமையாளர், மஞ்சக்குப்பம்

வேண்டாம். வாங்கிய ஃபாலோவர்ஸ் உங்கள் கணக்கில் வகுக்கும் எண்ணை மட்டும் பெரிதாக்குவார்கள். சேலை வாங்க ஒருவரும் வரமாட்டார். போலிக் கணக்குகளை இந்தத் தளங்கள் அவ்வப்போது கூண்டோடு நீக்குவதால், போட்ட பணமும் ஒருநாள் சொல்லாமல் கரைந்துபோகும். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 இல் கொண்டுவந்த விதி, போலி ஃபாலோவர்ஸை வணிக நோக்கத்தோடு தெரிந்தே விற்பதையும் வாங்குவதையும் தடை செய்திருக்கிறது. அந்த விதி கடலூருக்குப் பொருந்தாது. ஆனால் விதி இல்லாவிட்டாலும் அவர்களால் உங்களுக்குப் பயனில்லை; உங்கள் கடைக்கு வருபவர் மஞ்சக்குப்பத்துக்காரர்தான். இன்சைட்ஸில் ‘முதன்மை நகரங்கள்’ என்ற இடத்தில் கடலூர் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எதிர்க்கடைக்காரரின் அந்தச் சதவீதம் உங்களுக்குத் தெரியாத வரையில் அவருடைய ஃபாலோவர்ஸ் எண்ணிக்கையை எண்ணிப் பொருமுவதில் ஒரு லாபமும் இல்லை.

எங்கள் இளைஞர் குழு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாக மழை, வெள்ளம், புயல் கூண்டு பற்றிய தகவல்களை மீனவ கிராமங்களுக்குத் தருகிறது. கோயில் திருவிழாப் படம் போட்டால் 500 லைக் வருகிறது. எச்சரிக்கைப் பதிவுக்கு 20 கூட வருவதில்லை. மக்கள் எங்களைக் கவனிக்கவில்லையோ என்று உறுப்பினர்கள் சோர்ந்துபோகிறார்கள்.
— குழு ஒருங்கிணைப்பாளர், கடலூர் முதுநகர்

துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்தவர், படகைக் கரையேற்ற ஓடுவாரா, உங்கள் பதிவுக்கு இதயக்குறி போட்டுக்கொண்டு நிற்பாரா? எச்சரிக்கைப் பதிவை லைக்கால் அளப்பதே பொருந்தாத வேலை. அந்தப் பதிவு சரியாக வேலை செய்திருந்தால் அதைப் படித்தவர் போனைக் கீழே வைத்திருப்பார்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதைவிட அளவீட்டுக்குப் பாடம் தருவது அடுத்த இரண்டு நாட்களில் நடந்தது. இங்கே வானம் வெளுக்கத் தொடங்கிய வேளையில், தென்பெண்ணையின் மேல்பகுதியில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. மழை நின்ற பிறகு வரும் வெள்ளத்தைப் பற்றிய பதிவுக்கு மதிப்பு அது தண்ணீருக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதில் இருக்கிறது. நூறு பேர் முதல் ஒரு மணி நேரத்தில் பார்த்த பதிவு, பத்தாயிரம் பேர் மறுநாள் பார்த்த பதிவைவிட மேலானது. எனவே நீங்கள் குறிக்க வேண்டிய முதல் எண், பதிவிட்ட முதல் ஒரு மணி நேரத்தில் எட்டியவர்கள் எத்தனை பேர் என்பதே. ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு மணி நேரம் கழித்து இன்சைட்ஸைத் திறந்து குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில், நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால் யார் யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். படித்ததற்கான நீலக்குறியை அணைத்து வைத்திருப்பவர்கள்கூட குழுச் செய்திகளில் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள்.

ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு உங்கள் செய்தி தாவிப் போவதை உங்களால் பார்க்க முடியாது. இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பகிர்வுக்கு அலெக்சிஸ் மாட்ரிகல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2012 இல் ‘டார்க் சோஷியல்’ என்று பெயர் வைத்தார். நம் ஊரில் பெரும்பகுதிப் பேச்சு அந்த இருட்டிலேதான் நடக்கிறது. ஆனாலும் தடயம் கிடைக்காமல் போகாது. ஒரு செய்தி தொடங்கியவரிடமிருந்து ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறியிருந்தால் வாட்ஸ்அப் அதன்மேல் இரட்டை அம்புக்குறி போடும். நீங்கள் காலையில் அனுப்பிய படம் மாலையில் தேவனாம்பட்டினத்து உறவினர் ஒருவரிடமிருந்து இரட்டை அம்புக்குறியோடு உங்களுக்கே திரும்பி வந்தால், அது நன்றாகப் பயணித்திருக்கிறது என்று பொருள். அப்படிப் பயணிக்கும் படத்தின்மேலேயே தேதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் பொறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன வருடத்துக் கூண்டு இந்த வருடம் மக்களைப் பதற வைக்கும். புயல் ஓய்ந்த வாரத்தில் நான்கைந்து தெருக்களில் வீட்டுக்கு வீடு, ‘உங்களுக்கு முதலில் யார் சொன்னார்கள், எப்போது தெரிந்தது?’ என்று இரண்டே கேள்வி கேட்டு எழுதி வாருங்கள். அந்தத் தாளை உறுப்பினர் கூட்டத்தில் படித்துக் காட்டினால் சோர்வு போய்விடும். எந்தத் தெருவுக்குச் செய்தி போகவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

குடிநீர், சாலை பற்றி எழுதும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கப் பக்கத்தில் சண்டை வந்தால்தான் கமெண்ட் குவிகிறது. இதையும் எங்கேஜ்மெண்ட் என்று எண்ணலாமா?
— வாசகர், லாஸ்பேட்டை

தளம் எண்ணும், நீங்கள் எண்ண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபேஸ்புக் 2016 பிப்ரவரியில் லைக்கோடு கோபம், சிரிப்பு, வியப்பு, வருத்தம் முதலிய முகக்குறிகளையும் சேர்த்தது. 2017 இல் அவை ஒவ்வொன்றுக்கும் லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை தரப்பட்டதும், கோபக்குறி பெறும் பதிவுகளில் பொய்யும் நச்சும் கூடுதலாக இருந்ததை உள்ளாய்வில் கண்டபின் அதன் எடையைப் படிப்படியாகக் குறைத்து 2020 இல் சுழியாக்கியதும், 2021 இல் வெளியான அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் மூலம் தெரிய வந்தன. கோபத்தையும் ஈடுபாடாக எண்ணினால் என்ன ஆகும் என்று அவ்வளவு பெரிய நிறுவனமே பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, நாம் அதைப் புதிதாகச் சோதிக்க வேண்டியதில்லை.

உங்கள் சங்கத்துக்கு நான் சொல்லும் வழி சற்று வேலை வாங்கும். வாரத்துக்கு ஒரு பதிவை எடுத்து, அதற்கு வந்த கருத்துகளைக் கையாலேயே பிரியுங்கள். ‘எங்கள் குறுக்குத் தெருவிலும் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை’ என்பது தகவல். ‘மனு எங்கே கொடுப்பது?’ என்பது கேள்வி. நண்பரின் பெயரை இணைத்து அழைப்பது ஒரு வகை. ‘எல்லாம் திருட்டுப் பயல்கள்’ என்பது பொதுவான வசை. காலை வணக்கம், விளம்பரம் போன்றவை சேர்த்தியே இல்லை. முதல் இரண்டின் எண்ணிக்கையை மட்டும் எழுதி வாருங்கள். எண்பது கமெண்ட் வந்த பதிவில் அவை மூன்றாகவும், பன்னிரண்டே வந்த பதிவில் ஒன்பதாகவும் இருக்கக் காண்பீர்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: ‘ஆமாம் என்பவர்கள் லைக் போடுங்கள், இல்லை என்பவர்கள் ஷேர் செய்யுங்கள்’ என்று கெஞ்சும் பதிவுகளை விட்டுவிடுங்கள். அத்தகைய தூண்டில் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. அறிவிக்காவிட்டாலும் அது ஒரு நலச் சங்கத்துக்கு அழகன்று.

முந்திரி வியாபாரம். ஒரு பதிவுக்குப் பணம் கட்டி ‘பூஸ்ட்’ செய்தேன். ஒரு லட்சம் பேரை எட்டியதாகக் காட்டுகிறது. லைக்கும் வந்தது, வியாபாரம் வரவில்லை. என்ன தவறு?
— வாசகர், பண்ருட்டி

பூஸ்ட் பொத்தானை அழுத்தியதும் ‘உங்கள் நோக்கம் என்ன?’ என்று ஒரு திரை கேட்டிருக்கும். அங்கே ஈடுபாடு என்பதைத் தேர்ந்தெடுத்தால், லைக் போடும் பழக்கமுள்ளவர்களாகத் தேடிப்பிடித்து அந்தக் கருவி உங்கள் பதிவைக் காட்டும். செய்தி வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், செய்தி அனுப்பக்கூடியவர்களைத் தேடும். கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது. அடுத்த முறை வாட்ஸ்அப் செய்தியை நோக்கமாக வையுங்கள். ஊர், வயது வரம்புகளையும் நீங்களே குறியுங்கள்.

பணம் கட்டி எட்டியவர்களையும் தானாக எட்டியவர்களையும் ஒரே குவியலில் போட்டு வகுக்காதீர்கள். இன்சைட்ஸில் விளம்பரம் வழியாக எட்டியவர்கள் தனியாகவே காட்டப்படுவார்கள். கட்டிய தொகையை வந்த விசாரணைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு விசாரணைக்கு எவ்வளவு செலவு என்று வரும். வைத்துக்கொள்வோம், 2,000 ரூபாய் கட்டி 25 பேர் விசாரித்தால் ஆளுக்கு 80 ரூபாய். அவர்களில் ஐந்து பேர் வாங்கினால் ஒரு வாடிக்கையாளருக்கு 400 ரூபாய். ஒரு கிலோ முந்திரியில் உங்களுக்கு நிற்கும் லாபத்தை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாடிக்கையாளர் தீபாவளிக்கு மறுபடி வாங்குவாரா என்பதையும் சேர்த்து யோசித்த பிறகே அது லாபமா நட்டமா என்று சொல்ல முடியும்.

விசாரணை எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. வாட்ஸ்அப் எண்ணுக்குப் போகும் இணைப்பை உருவாக்கும்போது, அதைத் தட்டுபவரின் பெட்டியில் முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருக்கும்படி செய்யலாம். ஒரு பதிவின் இணைப்பில் ‘முழு முந்திரி விலை வேண்டும்’ என்றும், இன்னொன்றில் ‘முழு முந்திரி என்ன விலை?’ என்றும் வையுங்கள். அனுப்புகிறவருக்கு வேறுபாடு தோன்றாது. எந்த வாக்கியம் வந்தது என்பதை வைத்து எந்தப் பதிவு அழைத்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உரையாடல்களுக்கு வண்ணச் சீட்டு ஒட்டும் வசதி இருப்பதால், மாதக் கடைசியில் எண்ணுவதும் சுலபம். சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் இணைப்பின் வாலில் யூடிஎம் குறிகளை (எந்தப் பதிவிலிருந்து வந்தார் என்று காட்டும் சிறு சொற்களை) சேர்த்து, தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் இதே வேலையைச் செய்துகொள்ளலாம்.

கடற்கரைச் சாலைக்கு அருகில் சிறிய காபிக் கடை நடத்துகிறேன். ‘எனக்கு ஒரு லட்சம் ஃபாலோவர்ஸ், சாப்பாடு இலவசமாகக் கொடுத்தால் ரீல் போடுகிறேன்’ என்று வாரத்துக்கு ஒருவர் வருகிறார். யாரை நம்புவது?
— கடை உரிமையாளர், புதுச்சேரி

ஃபாலோவர்ஸைப் பேச விடாதீர்கள். அவருடைய கடைசிப் பத்து ரீல்களின் ரீச், ஷேர், பார்வையாளர்களின் முதன்மை நகரங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். படமாகப் பிடித்து அனுப்பினால் திருத்தியிருக்கலாம். எதிரில் உட்கார்ந்து தன் போனிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். உங்கள் கடைக்குச் சனி, ஞாயிறில் வருபவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூர்க்காரர்கள் என்றால், அவருடைய பார்வையாளர்களும் அந்த ஊர்களில் இருக்க வேண்டும். பத்தாயிரம் ஃபாலோவர்ஸ் உள்ள ஒருவர் அந்த வகையில் ஒரு லட்சக்காரரைவிடப் பயன்படுவது சகஜம்.

பணமோ இலவசச் சாப்பாடோ எதுவானாலும், பெற்றுக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021 இல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டிக் குறிப்பு தந்திருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு. ‘விளம்பரம் என்று போட்டால் ரீச் குறையும்’ என்று அவர் இழுத்தால், குறையட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்க நினைக்கிறேன். எத்தனை கட்டம் போடுவது, எப்போது எழுதுவது?
— ஓய்வுபெற்ற கணக்கர், திருப்பாதிரிப்புலியூர்

ஏழு கட்டம் போதும்: பதிவிட்ட தேதியும் நேரமும், என்ன வகைப் பதிவு, ரீச், ஷேரும் சேவும் சேர்த்து, பயனுள்ள கருத்துகள், விசாரணைகள், குறிப்பு. லைக்குக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று தோன்றினால் கடைசியில் போட்டுக்கொள்ளுங்கள். குறிப்புக் கட்டத்தில் அன்று மாசி மகமா, மின்வெட்டா, தேர்வு நேரமா என்று எழுதுவது மிகவும் உதவும். மாசி மகத்தன்று போட்ட பதிவையும் சாதாரணச் செவ்வாய்க்கிழமைப் பதிவையும் பின்னாளில் நீங்களே குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். தினமும் திறந்து பார்க்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் செயலியில் கணக்கின் மொத்தப் புள்ளிவிவரம் 90 நாள் வரைதான் பின்னோக்கித் தெரியும் என்பதால், மாதம் ஒருமுறையாவது எழுதியாக வேண்டும். ஒவ்வொரு பதிவின் எண்களையும் அது வெளியான ஏழாம் நாள் எடுத்துக் குறியுங்கள். மூன்று மாதப் பழைய பதிவின் ரீச்சையும் நேற்றைய பதிவின் ரீச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழையதே எப்போதும் ஜெயிக்கும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் அதற்கு மட்டும் மறுநாள் காலை.